கேள்வித்தாள் இலவசமாகத் தரும் தூரம்

போன வருஷம் அக்டோபர் மாசம், வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது இது. எங்க வீடு ஆவடிப் பக்கம். வீட்டு ஓரமா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு ரூம் இருக்கு, ஆயா அதில்தான் தூங்குவாங்க. ரூமுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்ட் சுவர், அதையும் தாண்டினால் ஒரு காலி மனை. மனை முழுக்க முள்ளும் கோரையும்தான். அதுக்கு நடுவுல ஒரு தென்னை மரம். எங்க ஏரியாவிலேயே இவ்வளவு நேரா வளர்ந்த தென்னையை நான் பார்த்ததில்லை. ஆனா மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒரு பக்கம் மண் அரிச்சுப்போய், வேர் வெளியே தெரிய ஆரம்பிச்சிருந்தது.

அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "இந்த மரம் விழுந்தா ஷீட் மேல படுமா, படாதா?"

இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது வேற யாரைக் கேட்பாங்க? நான் மொபைலில் கோணம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கி, ஷீட் ரூம் சுவரை ஒட்டி நின்று, மரத்தின் குருத்தைக் குறி பார்த்தேன். 43° காட்டியது. நான் போட்ட லாஜிக் இதுதான்: கோணம் 45° என்றால் மரத்தின் உயரமும் மரம் இருக்கும் தூரமும் சமம். 45°-க்கு மேல் என்றால் மரம் எட்டும், கீழே என்றால் எட்டாது. 43° கீழேதானே? "எட்டாதுப்பா, கவலையே படாதீங்க" என்று சொல்லிட்டேன். அப்பாவும் மரம் வெட்ட வரச் சொன்னவருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டார்.

நான் சொன்னது தப்பு. எங்கே தப்பு என்று இப்பவே கண்டுபிடிச்சிட்டீங்கன்னா உங்களுக்கு ஒரு சபாஷ். கண்டுபிடிக்கலைன்னா தொடர்ந்து படிங்க. ஆப்டிட்யூட் ரவுண்டில் 'ஹைட்ஸ் அண்ட் டிஸ்டன்ஸஸ்' கணக்கை முப்பது செகண்டில் போடுற நாமே நிஜ மரத்துக்கு முன்னாடி எப்படித் தடுமாறுறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். 'ஏற்றக்கோணம்', 'இறக்கக்கோணம்' என்ற வார்த்தைகளையே பத்தாவது படிக்கிற என் சித்தி பொண்ணோட நோட்டில்தான் முதலில் பார்த்தேன். நல்ல வார்த்தைகள். பார்வை ஏறினால் ஏற்றக்கோணம், இறங்கினால் இறக்கக்கோணம். அவ்வளவுதான்.

கண்ணிலிருந்து நேராகத் தரைக்கு இணையாக ஒரு கோடு போடுங்க. அது கிடைநிலைக் கோடு. கண்ணிலிருந்து மரத்தின் உச்சிக்கு இன்னொரு கோடு போடுங்க. அது பார்வைக் கோடு. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் ஏற்றக்கோணம். மொட்டை மாடியில் நின்று கீழே நிற்கிற பைக்கைப் பார்த்தால், கிடைநிலைக் கோட்டிலிருந்து பார்வை எவ்வளவு கீழே இறங்குதோ அது இறக்கக்கோணம். நீங்க பைக்கைப் பார்க்கும் இறக்கக்கோணமும், பைக் பக்கத்தில் தரையோடு ஒட்டி ஒரு கண் இருந்து உங்களைப் பார்த்தால் வரும் ஏற்றக்கோணமும் ஒன்றே. ரெண்டு இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது வரும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று எட்டாம் வகுப்பில் படிச்சது இதுக்குத்தான்.

அடுத்து டேன்ஜென்ட். செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். நம்ம விஷயத்தில் எதிர்ப்பக்கம் உயரம், அடுத்துள்ள பக்கம் தூரம்.

உயரம் = தூரம் × டேன்(கோணம்)

மொத்த அத்தியாயமும் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கு.

என் தப்பு எங்கே?

ரெண்டு நாள் கழிச்சு சித்தி பொண்ணு கணக்கு சந்தேகம் கேட்க வந்தா. பெருமையா மரத்தின் கதையைச் சொன்னேன். அவ உடனே கேட்டா: "அண்ணா, உங்க ஹைட்டைக் கூட்டலையா? எங்க டெஸ்ட்ல அதை விட்டா மார்க் போயிடும்."

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரலை. 43° என்பது என் கால் தொட்ட தரையிலிருந்து எடுத்த கோணம் இல்லை, என் கண்ணிலிருந்து எடுத்தது. என் கண் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் மேலே இருக்கு. ஃபார்முலா தருகிற உயரம் என் கண் மட்டத்துக்கு மேலே இருக்கிற மரம் மட்டும். கீழே இருக்கிற 1.5 மீட்டரை நான் மரத்திலிருந்து வெட்டி எறிஞ்சிட்டேன்.

டேன் 43° = 0.9325. அப்போ,

மரத்தின் உயரம் = 0.9325 × தூரம் + 1.5 மீட்டர்

இது தூரத்தை விட எப்போ அதிகமா இருக்கும்? 1.5 என்பது தூரத்தின் 0.0675 பங்கை விடப் பெரிசா இருந்தால் போதும். அதாவது தூரம் 22 மீட்டருக்குள் இருந்தால் மரம் ஷீட்டை எட்டும். மரம் 22 மீட்டருக்குள்தான் இருக்கு என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. தூரத்தை அளக்கவே இல்லை. ஆனாலும் "எட்டாது" என்ற என் பதில் தப்பு என்று நிச்சயமா சொல்ல முடியுது. ஆனா எவ்வளவு தூரம் உள்ளே வந்து விழும்? ஷீட்டின் ஓரத்தைத் தொடுமா, ஆயா கட்டில் வரைக்கும் வருமா? அதுக்குத் தூரம் வேணும்.

அடிமரத்தைத் தொட முடியலைன்னா?

பரீட்சையில் "ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தொலைவில்" என்று கேள்வி ஆரம்பிக்கும். அந்த 30 மீட்டரை யார் அளந்தாங்க என்று நாம் கேட்டதே இல்லை. கேள்வித்தாள் அதை இலவசமாகக் கொடுத்துவிடும். நிஜத்தில் அதைத்தான் யாரும் தர மாட்டாங்க. எங்க மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் முள் புதர், தேங்கின தண்ணி, அதுக்குள்ளே என்ன ஊருதுன்னு தெரியாது. டேப் பிடிச்சுப் போக வழியே இல்லை.

அதுக்கும் வழி இருக்கு. மரத்தை நேராகப் பார்த்தபடி ரெண்டு இடத்தில் நின்று ரெண்டு கோணம் எடுக்கணும். அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் நம்ம பக்கம் இருக்கு, அதை அளக்கலாம். எங்க ஷீட் ரூமை ஒட்டி ஒரு சந்து, மரத்திலிருந்து விலகித் தெருப்பக்கம் நேராகப் போகுது. சுவர் பக்கத்தில் 43°. அங்கிருந்து சரியா 10 மீட்டர் பின்னால் வந்து அளந்தேன், 27°.

கண் மட்டத்துக்கு மேலே இருக்கிற உயரத்தை 'உ' என்று வைங்க. சுவரிலிருந்து மரத்துக்குத் தூரம் = உ × காட் 43°. பின்னால் போன இடத்திலிருந்து தூரம் = உ × காட் 27°. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் 10 மீட்டர்.

காட் 27° = 1.9626
காட் 43° = 1.0724
வித்தியாசம் = 0.8902

உ = 10 ÷ 0.8902 = 11.23 மீட்டர்
மரத்தின் உயரம் = 11.23 + 1.5 = 12.73 மீட்டர்
சுவரிலிருந்து தூரம் = 11.23 × 1.0724 = 12.05 மீட்டர்

ஆக, மரம் விழுந்தால் உச்சி சுவரைத் தாண்டி சுமார் 70 சென்டிமீட்டர் உள்ளே வரும். அப்பாகிட்ட போய் "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா" என்று சொன்னேன். அவர் திட்டவெல்லாம் இல்லை. "இது சரின்னு எப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

எவ்வளவு நம்பலாம்?

மொபைல் எப்படிக் கோணம் சொல்லுது? உள்ளே இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர், மொபைல் அசையாமல் இருக்கும்போது புவியீர்ப்பை மட்டும் உணரும். அந்த 9.8, மொபைலின் நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு என்று பிரிச்சு, அந்த விகிதத்துக்குத் தலைகீழ் டேன் எடுத்தால் சாய்வு கிடைச்சிடும். நாம் ட்ரிக்னாமெட்ரி போடுறதுக்கு முன்னாடியே மொபைல் ஒரு தடவை போட்டு முடிச்சிருக்கும். ஆனா கை நடுங்கினாலோ, மொபைலின் ஓரத்தைச் சரியா குறி வைக்கலைன்னாலோ, ஒரு டிகிரி சுலபமா தப்பிடும்.

27° என்று நான் படிச்சது நிஜத்தில் 28° என்றால் மரத்தின் உயரம் 13.9 மீட்டர். 26° என்றால் 11.7 மீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆடுது.

முதலில் நான் சோம்பேறித்தனமா ரெண்டே மீட்டர்தான் பின்னால் போனேன். அப்போ வந்த கோணம் 38.6°. அதைப் போட்டால் உ = 11.1 மீட்டர். அதே கோணத்தை ஒரு டிகிரி தப்பாக 39.6° என்று படிச்சிருந்தால் உ = 14.7 மீட்டர்! மூன்றரை மீட்டர் வித்தியாசம். காரணம் எளிது: ரெண்டு இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரெண்டு காட் மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிடும். அவற்றின் வித்தியாசம் ஒரு சின்ன எண். சின்ன எண்ணால் வகுக்கும்போது சின்ன தப்பும் பூதாகாரமாகும். அதனால் பின்னால் போனால் நல்லா போங்க. மரத்தின் உயரம் அளவுக்காவது போங்க.

சிவில் படிக்கிற நண்பன் ஒருத்தன் இன்னொரு வழி சொன்னான். அவங்க லேபில் தியோடலைட்டை 'ஃபேஸ் லெஃப்ட்' ஒரு தடவை, திருப்பி 'ஃபேஸ் ரைட்' ஒரு தடவை வைத்துப் படிச்சு சராசரி எடுப்பாங்களாம். கருவியே கொஞ்சம் கோணலா இருந்தாலும் ஒரு பக்கம் கூடினது மறுபக்கம் குறைஞ்சு அடிபட்டுப் போகும். மொபைலிலும் இதைச் செய்யலாம். ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை மொபைல் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி அது வழியாகக் குறி பாருங்க. பிறகு மொபைலைத் தலைகீழாகத் திருப்பி, அதே ஸ்ட்ரா வழியாக இன்னொரு தடவை. அஞ்சு தடவை எடுத்து சராசரி போட்டால் இன்னும் நல்லது.

மொபைலே வேண்டாம் என்றால் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற ப்ரொட்ராக்டர் போதும். நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டுங்க. நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்க விடுங்க. நேராகப் பார்க்கும்போது நூல் 90-இல் நிற்கும். உச்சியைக் குறி பார்க்கும்போது நூல் எங்கே நிற்குதோ, அதுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கோணம்.

இன்னொரு விஷயம். இந்தக் கணக்கு மொத்தமும் மரம் செங்குத்தாக நிற்குது என்று நம்பிப் போடுறது. சாய்ந்த தென்னையில் உச்சிக்கு நேர் கீழே அடிமரம் இருக்காது. நீங்க கண்டுபிடிக்கிற தூரம் உச்சிக்கு நேர் கீழே இருக்கிற தரைக்குத்தான், அடிமரத்துக்கு இல்லை. எங்க மரம் நேரா இருந்ததால் தப்பிச்சேன்.

இறக்கக்கோணத்தின் உபயோகம்

ஒரே இடத்தில் நின்று ஏற்றம், இறக்கம் ரெண்டையும் எடுத்தால் தரையில் அளக்கவே வேண்டாம். உங்க மாடியில் நின்றால் கண் தரையிலிருந்து 11 மீட்டர் உயரத்தில் இருக்குன்னு வைங்க. மாடியின் உயரத்தை நூலில் கல் கட்டி இறக்கியே அளந்துடலாம். எதிரே ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் அடியைப் பார்த்தால் இறக்கக்கோணம் 24°, உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் 25°.

தூரம் = 11 ÷ டேன் 24° = 11 ÷ 0.4452 = 24.7 மீட்டர்
கண்ணுக்கு மேலே = 24.7 × டேன் 25° = 24.7 × 0.4663 = 11.5 மீட்டர்
தொட்டியின் மொத்த உயரம் = 11 + 11.5 = 22.5 மீட்டர்

இங்கே நூலில் அளந்த அந்த 11 மீட்டர்தான் நம்ம அடித்தளம். ஏதோ ஒரு நீளத்தைக் கையால் அளக்காமல் கோணங்களை மட்டும் வைத்து எந்த உயரமும் வராது. கோணம் வடிவத்தை மட்டும்தான் சொல்லும். அளவைச் சொல்ல ஒரு நீளம் வேணும். இதை உலகத்துக்கே செய்து காட்டின இடம் நம்ம ஏரியாவிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டின் அந்தப் பக்கம்

பூந்தமல்லியில் பஸ் ஏறி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், நந்தம்பாக்கம் தாண்டினால் பரங்கிமலை வரும். சுமார் 300 அடி உயரம், மேலே பழைய சர்ச். அந்த மலைப்பக்கத்தில்தான் 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு கோட்டை அளக்க ஆரம்பித்தார். தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும் சுமார் ஏழரை மைல். நாற்பதாயிரம் அடி. இந்தியா முழுக்க முக்கோணங்களால் அளந்த 'கிரேட் ட்ரிக்னாமெட்ரிக்கல் சர்வே'க்கு அடிப்படையா அமைந்த கோடுகளில் இது முதன்மையானது.

அவர்கிட்ட இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. ரெண்டரை அடி நீளத்தில் 40 கம்பிகள் கோத்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் பிரிட்டனிலிருந்து போன பொருட்களில் அதுவும் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் லாம்ப்டன் கைக்கு வந்தது. அதைத் தரையில் சும்மா இழுத்துப் போட்டு அளக்கலை. மரப்பெட்டிகளில் வைத்து, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு 100 அடியாக நகர்த்தினாங்க. சுமார் 400 தடவை. சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் அந்தப் பெட்டிகளையும் முக்காலிகளையும் தூக்கிச் சுமந்தவங்க நம்ம ஊர் ஆட்கள்.

தெர்மாமீட்டர் எதுக்கு? எஃகு சூட்டில் நீளும். 100 அடி எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சுமார் 0.0012 அடி நீளும். ஒரு தலைமுடி அளவுதானே என்று விட்டால், 400 தடவைக்கு அது கிட்டத்தட்ட அரை அடி. காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் அஞ்சு அடி வரைக்கும் போகும். கேள்வித்தாள் நமக்கு இலவசமாகத் தருகிற 'தூரம்' என்ற எண்ணுக்கு நிஜ விலை இதுதான்.

அந்த ஒரு கோடு கிடைச்ச பிறகு வேலை கோணத்துக்கு மாறிடும். கோட்டின் ரெண்டு முனையிலிருந்தும் தூரத்தில் இருக்கிற ஒரு மலையையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடுங்க. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சால் சைன் விதிப்படி மற்ற ரெண்டு பக்கமும் கிடைக்கும். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணத்துக்கு அடித்தளம். இப்படியே முக்கோணம் மேல் முக்கோணமாகப் போயிட்டே இருக்கலாம். ஆனா முதல் கோட்டில் இருக்கிற தப்பு எல்லா முக்கோணத்துக்கும் பரம்பரைச் சொத்து மாதிரி போய்ச் சேரும். அதனால் வழியில் அங்கங்கே புதுசா ஒரு அடிக்கோட்டை நேரடியா அளந்து, கணக்கு சொன்ன நீளமும் அதுவும் பொருந்துதா என்று சரிபார்த்தாங்க.

கோணம் எடுக்க அவர் வைத்திருந்த பெரிய தியோடலைட் அரை டன் கனம். காவிரி டெல்டாவில் மலை கிடையாது. தென்னந்தோப்பு எல்லாத்தையும் மறைச்சிடும். அதனால் 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியை ஏற்றினாங்க. பாதியில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதைத் தூக்கி எறியலை. வாரக்கணக்கில் உட்கார்ந்து வளைஞ்ச வட்டத்தை நிமிர்த்தி, மறுபடி வேலைக்குக் கொண்டு வந்தார்.

எவரெஸ்ட்டுக்கும் இதே கணக்குதான்

இங்கே தொடங்கிய அந்த சர்வேதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எவரெஸ்ட்டை அளந்தது. நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. அடிவாரத்தைத் தொட முடியாது, எங்க மரம் மாதிரிதான். 160 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, இந்தியச் சமவெளியில் பல இடங்களில் நின்று ஏற்றக்கோணம் எடுத்தாங்க.

170 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம்னு வைங்க. ஒரு டிகிரி தப்பினால் உயரத்தில் சுமார் 3 கிலோமீட்டர் தப்பு! அதனால் டிகிரியை 3600 பங்காகப் பிரிச்சு, அந்த ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் வேணும். அதில் ஒரு பங்கு தப்பினாலும் 80 சென்டிமீட்டர் போயிடும். அதோட, அவ்வளவு தூரத்தில் தரை தட்டை இல்லை. பூமியின் வளைவால் மட்டும் மலையின் 2 கிலோமீட்டருக்கு மேல் கிடைநிலைக் கோட்டுக்குக் கீழே இறங்கிடும். காற்றின் அடர்த்தி மாறுவதால் ஒளியும் நேராக வராமல் வளைஞ்சு வந்து மலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். இதையெல்லாம் கழிச்சுக் கூட்டின கணக்கர்களில் முக்கியமானவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர். 1856-ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020-ல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். கிட்டவே போகாமல் எடுத்த அளவில் வித்தியாசம் சுமார் 9 மீட்டர்.

மரம் என்ன ஆச்சு?

மனை ஓனர் வெளியூரில் இருக்கார். அப்பா போனில் பேசி சம்மதம் வாங்கினார். மரம் ஏறுறவர் வந்து, மேலிருந்து துண்டு துண்டா வெட்டி இறக்கினார். ஆயாவுக்கு ரொம்ப வருத்தம். "காய்க்கிற மரத்தை வெட்டுறீங்களே" என்று ரெண்டு நாள் சரியா பேசலை. குலையை மட்டும் எடுத்து உள்ளே வச்சாங்க.

அப்பா டேப்பை எடுத்துட்டு வந்தார். துண்டுகளை வரிசையாகப் போட்டு, குருத்தையும் அடிக்கட்டையையும் சேர்த்து அளந்தோம். 43 அடி. என் கணக்கு 12.73 மீட்டர், அதாவது 41 அடி 9 அங்குலம். ஒண்ணேகால் அடி குறையுது. புதரை வெட்டின பிறகு அடிக்கட்டையிலிருந்து சுவருக்கு டேப் பிடிச்சோம். 39 அடி 9 அங்குலம், 12.12 மீட்டர். இது என் கணக்கோடு ஒட்டி வருது. அப்போ உயரம் மட்டும் ஏன் குறைஞ்சது?

பதில் காலடியில் இருந்தது. தெருவில் ரோடு போடப்போட உயரமாகி, நாங்களும் வாசலையும் சந்தையும் மண் கொட்டி உயர்த்திட்டோம். காலி மனை மட்டும் பழைய மட்டத்திலேயே இருக்கு, எங்க தரையை விட ஒரு அடி பள்ளம். மரம் அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்து நின்றிருக்கு. நான் 1.5 மீட்டரைக் கூட்டினப்போ, மரத்தின் அடியும் என் காலும் ஒரே மட்டத்தில் இருக்குன்னு கேட்காமலே எடுத்துக்கிட்டேன். அடிமரத்துக்கு இறக்கக்கோணம் ஒன்று எடுத்திருந்தால் அதுவும் பிடிபட்டிருக்கும். ஆனா புதர் மறைச்சிருந்தது.

எது எப்படியோ, 43 அடி மரம், 39 அடி 9 அங்குல தூரம். மூணேகால் அடி ஷீட் மேல் வந்திருக்கும். ஆயாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கு.

அளக்கப் போறதுக்கு முன்னாடி

1. உங்க கேள்வி எது என்று முதலில் எழுதுங்க. எனக்குத் தேவைப்பட்டது உயரம் இல்லை, உயரம் தூரத்தை விட அதிகமா என்பது.
2. கண் உயரத்தைக் கூட்டுங்க.
3. அடியும் உங்க காலும் ஒரே மட்டமா என்று பாருங்க. தெரிஞ்சால் இறக்கக்கோணம் எடுங்க.
4. ரெண்டு இடத்துக்கும் நடுவில் நல்ல தூரம் விடுங்க. ரெண்டும், பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.
5. கோணத்தைப் பல தடவை எடுத்து சராசரி போடுங்க. ஒரு டிகிரி கூட்டியும் குறைச்சும் ஒரு தடவை கணக்குப் போட்டு, பதில் மாறுதா என்று பாருங்க.

நீங்க போட்டுப் பாருங்க

அ) ஒரு ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தின் உச்சி ஒரு இடத்திலிருந்து 60°-இல் தெரியுது. நேர் பின்னால் 20 மீட்டர் போனால் 30°. கண் உயரம் 1.5 மீட்டர். கம்பத்தின் உயரம் என்ன?

ஆ) மாடியில் கண் உயரம் தரையிலிருந்து 10 மீட்டர். எதிரே கட்டிட்டு இருக்கிற மெட்ரோ தூணின் அடிக்கு இறக்கக்கோணம் 30°, உச்சிக்கு ஏற்றக்கோணம் 10°. தூணின் உயரம்? (டேன் 10° = 0.1763)

இ) வீட்டுச் சுவரை ஒட்டி நின்று சமதரையில் இருக்கிற ஒரு மரத்தைப் பார்க்கிறீங்க. கண்ணிலிருந்து ஏற்றக்கோணம் சரியா 45°. மரம் நேரா வீட்டுப் பக்கம் விழுந்தால் சுவரைத் தொடுமா? எவ்வளவு தாண்டும்?

விடைகள்: அ) 17.32 + 1.5 = 18.8 மீட்டர். ஆ) தூரம் 17.32, உயரம் 10 + 3.05 = 13.05 மீட்டர். இ) தொடும். உங்க கண் உயரம் எவ்வளவோ அவ்வளவு தாண்டும்.

மூணாவதை நான் அக்டோபரில் தப்பா போட்டேன். நீங்க சரியா போட்டிருப்பீங்க. மழைக்கு முன்னாடி உங்க வீட்டுப் பக்கத்தில் இருக்கிற மரத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க.